பூஞ்சைக்கு கிளெய்ம் கிடைக்காது: லென்ஸ்களைக் காப்பது எப்படி?

கேள்வி: நாகப்பட்டினத்தில் கல்யாண போட்டோகிராஃபராக இருக்கிறேன். கேமராவும் நான்கு லென்ஸ்களும் இன்று புதிதாக வாங்கினால் 4 லட்சம் ரூபாய் ஆகும். மார்கழி முழுக்க வேலை இல்லாமல் பையிலேயே கிடந்தன. தையில் எடுத்துப் பார்த்தால், 85 எம்.எம். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. கையில் இருப்பது 12,000 ரூபாய். டிரை கேபினெட் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வாங்கவா, இன்ஷூரன்ஸ் எடுக்கவா?

பதில்: நீங்கள் பார்த்தது பூஞ்சை. எந்த பாலிசியும் இதற்குப் பணம் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரம், பூஞ்சை, தேய்மானம் போல மெல்ல மெல்ல வரும் சேதங்களை விலக்குப் பட்டியலில்தான் போட்டிருப்பார்கள். திருட்டு, கீழே விழுந்து உடைவது, தீ ஆகியவற்றுக்குத்தான் பாலிசி. எனவே ஈரத்திலிருந்து பாதுகாப்பு, இன்ஷூரன்ஸ் இரண்டும் உங்களுக்குத் தேவை. ஆனால் கேபினெட் இப்போது வேண்டாம், ஒரு டப்பாவே போதும்.

காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, டிஜிட்டல் ஈரப்பதமானி, அரை கிலோ சிலிக்கா ஜெல் ஆகியவை 2,000 ரூபாய்க்குள் அடங்கும். மானி 40 முதல் 50 சதவீதம் காட்டட்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழேயும் போக விடாதீர்கள், அளவுக்கு மீறிய வறட்சியும் லென்ஸுக்கு நல்லதல்ல. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு. சமையல் பாத்திரத்தில் அதைப் போடவே கூடாது. லென்ஸைப் பையோடு டப்பாவுக்குள் வைக்காதீர்கள், பையின் ஸ்பாஞ்சே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

85 எம்.எம். லென்ஸை சுத்தமாகும்வரை தனியே வையுங்கள். பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது. அதனால் இதே வாரம் சர்வீஸில் காட்டி, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால், குறையைச் சொல்லியே விற்றுவிடுவது மேல் என்பது என் கருத்து.

மிச்சப் பணத்தில் அடுத்த முகூர்த்தத்துக்குள் பாலிசி எடுத்துவிடுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸில் தொழில் கருவிகள் பெரும்பாலும் சேராது. 'ஆல் ரிஸ்க்' அல்லது கையடக்க மின்னணுக் கருவிகளுக்கான பாலிசி என்று கேட்டு, தொழிலுக்குத்தான் பயன்படுத்துகிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு லென்ஸின் சீரியல் நம்பரும் பாலிசிப் பட்டியலில் ஏற வேண்டும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பலர் சறுக்குவது காப்பீட்டுத் தொகையில்தான். பிரீமியத்தை மிச்சம்பிடிக்க 4 லட்சம் பெறும் பொருளை 3 லட்சம் என்று காட்டினால், 80,000 ரூபாய் நஷ்டத்துக்கு முக்கால் பங்கு, அதாவது 60,000தான் வரும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு கழியும். பூட்டாத காரிலிருந்து திருடுபோனால் கிடைக்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மண்டப வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிற தொழில் உங்களுடையது.