நாடகத்தின் முடிவைத் தோற்றுவாயிலேயே சொல்லிவிடுவது ஏன்?

கதை நகரத் தொடங்கும் முன், களத்தையும் பழைய பகையையும் அறிமுகம் செய்யும் சிறு பகுதியே தோற்றுவாய். நாவல்களில் இதை முன்கதை என்பார்கள்.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நல்ல உதாரணம். ஒரே ஒரு நடிகர் வந்து 14 வரி பேசுகிறார். ஊர் வெரோனா, இரண்டு குடும்பங்களுக்குத் தீராப் பகை, காதலர் இருவரும் இறப்பார்கள். எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. காதலர் பெயர் மட்டும் இல்லை! கடைசியில், பொறுமையாகக் கேளுங்கள் என்ற வேண்டுகோள் வேறு. அன்றைய லண்டனின் திறந்தவெளி அரங்குகளில் பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். முன்திரை கிடையாது, கீழே நின்று பார்ப்பவர்களின் சலசலப்பு உண்டு. யாராவது வந்து பேசினால்தான் கூட்டம் அடங்கும்.

முடிவு தெரிந்தால் சுவை கெடாதா? பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் இருப்பதால் ஜன்னலோரக் காட்சி கெடுவதில்லையே. 'என்ன நடக்கும்' போய், 'எப்படி நடக்கப்போகிறதோ' என்ற பதைப்பு வருகிறது. என்னைக் கேட்டால், இதுதான் கனமானது. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் பதிகம் என்ற பகுதியும் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

தோற்றுவாயை முன்னுரை என்று எண்ணிப் பலர் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். முன்னுரை நூலுக்கு வெளியே நின்று பேசுவது, தோற்றுவாயோ படைப்பின் உறுப்பு.