தெருக்கோடியில் சூப்பர்மார்க்கெட்: கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் கட்டப்போவதாக வேலியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தெருவே இரண்டுபட்டு நிற்கிறது. கோயில் கமிட்டி எதிர்ப்பு மனுவோடு வீடு வீடாக வருகிறது, சிலர் பஸ் ஏறாமல் சாமான் வாங்கலாமே என்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: போடுங்கள் அம்மா. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குள் போய்விடாதீர்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்ற ஒரே வரிக்குக் கீழே முந்நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் தனித்தனியாகக் காரணம் சொல்லி எழுதும் பத்துக் கடிதங்களுக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம். முதலில் அந்த அறிவிப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். விண்ணப்ப எண்ணும் ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதியும் அதில் இருக்கும். தேதி தாண்டினால் எவ்வளவு நியாயமான கடிதமும் பழைய பேப்பர்தான்.

2013-இல் வந்து 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை எல்லாரும் ஸ்ப்ளூமா என்கிறார்கள். நிலத்தின் வகையை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தை நகராட்சியின் டிரைபியூனல் என்கிற விசாரணைக் குழு விசாரிக்கும்போது பொதுநலன், பாதிக்கப்படுகிறவர்களின் உரிமை, சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி, திறந்தவெளி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதனால் "நிம்மதி போய்விடும்" என்று எழுதாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு ரொட்டி லாரி பின்னால் வரும்போது அடிக்கிற பீப் சத்தம் யார் படுக்கையறை ஜன்னலில் கேட்கும், குளிர்பெட்டி மோட்டார்கள் எந்தச் சுவரோரம் இரவு முழுக்க ஓடும், ஸ்கூல் விடும் நேரத்தில் கார்கள் எந்த வளைவில் முட்டிக்கொள்ளும், இப்படி எழுதுங்கள். விண்ணப்பத்தோடு போக்குவரத்து அறிக்கை வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கி, அளவெடுத்தது ஸ்கூல் விடுமுறையிலா என்று பாருங்கள். காவடி ஊர்வலம் போகும் ரோட்டில் கடையின் வாசல் வருகிறதென்றால் கோயில் கமிட்டி அதைத் தனிக் கடிதமாக, வரைபடத்தோடு கொடுக்கட்டும்.

மழைத்தண்ணீரை மறக்காதீர்கள். சாட்ஸ்வர்த் முழுக்க மேடும் சரிவும், ஒரு பக்கம் உம்லத்துசானா, மறுபக்கம் உம்லாஸ் ஆறு. இன்று புல் குடிக்கிற தண்ணீர், நாளை தார் போட்ட கார் பார்க்கிங்கிலிருந்து நேரே கீழ் வீட்டு முற்றத்துக்குத்தான் இறங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்வியை எந்த அதிகாரியும் லேசாகத் தள்ள மாட்டார்.

இன்னொன்று, அந்த நிலத்தின் டைட்டில் டீடை, அதாவது உரிமைப் பத்திரத்தை, யாராவது டீட்ஸ் ஆபீஸ் என்கிற பத்திரப் பதிவு அலுவலகத்தில் எடுத்துப் பாருங்கள். "குடியிருப்புக்கு மட்டும்" என்பதுபோல் பழைய கட்டுப்பாடு ஏதாவது இருந்தால் அதை நீக்கவும் அவர்கள் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

கடையை அடியோடு நிறுத்த முடியுமா? சில நேரம் முடியும், பல நேரம் முடியாது. ஆகவே அதே கடிதத்தில், "அப்படியே அனுமதி கொடுத்தாலும்" என்று தொடங்கி லாரி வரும் நேரம், வாசல் எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு உயரம் என்று நிபந்தனைகளையும் கேளுங்கள். நம்மவர்கள் இதைக் கேட்பதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் கடையும் வந்து நிபந்தனையும் இல்லாமல் நிற்கிறார்கள். முடிவு பிடிக்கவில்லையென்றால் அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட 21 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து டீரூம் என்கிற தெருமுனை மளிகைக்கடை வைத்திருக்கிறோம். பெரிய கடை வந்தால் எங்கள் கதி என்ன ஐயா?
- ஒரு கடைக்காரர், பேவியூ

பதில்: கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. "என் வியாபாரம் படுத்துவிடும்" என்பது மட்டும் நிலப் பயன்பாட்டு விசாரணையில் பெரிதாக எடுபடாது. 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் மேகஸின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் ஜனங்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்களே, அந்தப் புது இடத்தில் பாலும் ரொட்டியும் கடனுக்குக் கொடுத்தது உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான். அது எனக்குத் தெரியும், டிரைபியூனல் அதற்கு மார்க் போடாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பெரிய கடையோடு சின்னக் கடைகளும் சேர்ந்த வளாகமாக வருகிறதா என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட வளாகங்களில் "இன்னொரு மளிகைக்கடை கூடாது" என்று பெரிய கம்பெனிகள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொள்வது இந்த நாட்டில் பழைய வழக்கம். வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் காம்படிஷன் கமிஷன் 2019-இல் வெளியிட்ட மளிகைச் சந்தை விசாரணை அறிக்கை அதை நிறுத்தச் சொன்னது. இடம் கேட்டு எழுத்தில் போடுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், 2021 ஜூலைக் கலவரத்தில் மால்கள் சூறையாடப்பட்டுக் கிடந்தபோது ஜனங்கள் ரொட்டிக்கு அலைந்ததைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து ஞாபகப்படுத்துங்கள். உங்கள் பக்கம் பேச அங்கே ஆள் வேண்டும்.

கேள்வி: வேலை தருவோம் என்கிறார்கள். நம்பலாமா?
- வேலை தேடும் ஓர் இளைஞர், வெஸ்ட்கிளிஃப்

பதில்: எழுத்தில் இருந்தால். அமெரிக்க வால்மார்ட் 2011-இல் இந்த நாட்டுப் பெரிய கடைக் கம்பெனியான மாஸ்மார்ட்டை வாங்கியபோது தொழிற்சங்கங்கள் வழக்காடாமல் இருந்திருந்தால், வேலை போன 503 பேரைத் திரும்ப எடுக்கச் சொல்லி 2012-இல் காம்படிஷன் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டிருக்காது. கவுன்சிலர் கூட்டம் போட்டால் போய், எத்தனை வேலை, நிரந்தரமா வாரக்கடைசிக்கு மட்டுமா, பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எத்தனை என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, ஒரு நகலையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.