நோரா மடிப்பாக்கத்துக்கு வந்தா போஸ்டர்ல யார் பேரு?

கேள்வி: நாங்க ஒரு சின்ன அமெச்சூர் குரூப் சார். நார்வே நாடக ஆசிரியர் இப்சனோட 'பொம்மை வீடு' நாடகத்த மடிப்பாக்கம் அபார்ட்மென்ட்ல நடக்கற மாதிரி மாத்தி எழுதிருக்கேன், நோரா இப்போ நிர்மலா. டிக்கெட் வெச்சு போடப்போறோம். போஸ்டர்ல 'எழுதி இயக்கியவர்'னு என் பேரு போடலாமா? குரூப்லயே ஒருத்தர் "பேரத்தான மாத்திருக்க, இதுல உன்னோடது என்ன இருக்கு"ங்கறார். காப்பிரைட் பிரச்சனை எதாவது வருமா?

பதில்: காப்பிரைட்ட மொதல்ல முடிச்சிடுவோம். நம்ம நாட்டுல எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் உரிமை, இப்சன் போனது 1906ல, அதனால அவர்கிட்ட பிரச்சனை இல்ல. ஆனா நீங்க நார்வேஜியன்ல படிச்சிருக்க மாட்டீங்க இல்லையா, எந்த மொழிபெயர்ப்ப பக்கத்துல வெச்சுகிட்டு எழுதினீங்கங்கறதுதான் விஷயமே. வில்லியம் ஆர்ச்சரோட பழைய இங்கிலீஷ் வெர்ஷன்னா ஓகே, அவர் 1924லயே இறந்துட்டார். சமீபத்துல வந்த மொழிபெயர்ப்புன்னா, இங்கிலீஷோ தமிழோ, அந்த வசனங்க அவங்க சொத்து, பர்மிஷன் வாங்கணும். இதே ஆர்தர் மில்லர் நாடகம்னா கதையே வேற, அவர் இறந்தது 2005ல, 2065 முடியற வரைக்கும் கேக்காம தொடக்கூடாது.

இப்ப உங்க நண்பர் கேட்ட கேள்வி. அவர் கேட்டதுல தப்பில்ல, ஆனா கதை யாரோடதுன்னு பாத்தா ஷேக்ஸ்பியரே மாட்டுவார், ஹாம்லெட் அவருக்கு ரொம்ப முன்னாடியே இருந்த டேனிஷ் கதை, அதத்தான் நம்ம பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' ஆக்கினார். நான் ஸ்க்ரிப்ட் படிச்சா வேற ஒண்ணத்தான் தேடுவேன், பழைய நாடகத்தோட எந்த ஆணி உங்க ஊர் சுவத்துல இறங்கல, அங்க என்ன பண்ணீங்கன்னு.

நோராவையே எடுத்துக்கோங்க. புருஷன் வைத்தியத்துக்காக கடன் வாங்கறா, அந்த காலத்துல அங்க பொம்பளைங்க புருஷன் சம்மதம் இல்லாம கடன் வாங்க முடியாது, அதனால ஜாமீனுக்கு அப்பா கையெழுத்த இவளே போட்டுடறா. மாட்டறது எதுலன்னா தேதில, அப்பா செத்தது செப்டம்பர் 29, கையெழுத்துல இருக்கறது அக்டோபர் 2. இத அப்படியே தூக்கி வெச்சா மடிப்பாக்கத்துல நிக்காது. நிர்மலா வேலைக்கு போறவன்னா ஆப்லயே லோன் எடுத்துடுவா, எதுக்கு ஃபோர்ஜரி? போதாததுக்கு அக்டோபர் 2 நமக்கு பேங்க் லீவு வேற! நானா இருந்தா செத்துப்போன அப்பாவோட ஃபோன அவ இன்னும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கா, ஓடிபி அதுக்குத்தான் வருதுன்னு வெச்சிருப்பேன். இது சும்மா உதாரணம்தான், நீங்க இதவிட நல்லதா புடிக்கலாம். அந்த மாதிரி மூணு நாலு இடம் உங்க ஸ்க்ரிப்ட்ல இருந்தா நண்பர்கிட்ட அத காட்டுங்க. ஒண்ணுகூட இல்லன்னா அவர் சொல்றது கரெக்ட், நீங்க பண்ணது மொழிபெயர்ப்பு, அதுவும் மரியாதையான வேலைதான்.

மூலத்துல கடைசியா நோரா புருஷனையும் புள்ளைங்களையும் விட்டுட்டு வீட்ட விட்டு போயிடறா, அந்த முடிவ மாத்திருக்கீங்களான்னு நீங்க சொல்லல. ஜெர்மனில ஒரு நடிகை, புள்ளைங்கள விட்டுட்டு போற மாதிரி நடிக்க மாட்டேன்னுட்டாங்க. அங்க அவர் நாடகத்துக்கு சட்டப் பாதுகாப்பும் கிடையாது, வேற எவனாவது கைவெக்கறதுக்கு நானே பண்ணிடறேன்னு இப்சனே 1880ல நோரா வீட்லயே தங்கிடற மாதிரி இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார், கொடுத்துட்டு அத காட்டுமிராண்டித்தனம்னு அவரே திட்டவும் செஞ்சார். அதனால முடிவ மாத்தினா நோட்டீஸ்ல ஒரு வரி சொல்லிடுங்க, மூலத்த படிச்சவன் ஏமாந்த மாதிரி நினைக்கக்கூடாது.

போஸ்டர்ல 'மூலம்: ஹென்ரிக் இப்சன்', அடுத்த வரில 'தமிழ்த் தழுவல், இயக்கம்'னு போட்டு உங்க பேரு. ரெண்டும் ஒரே சைஸ் எழுத்துல இருக்கட்டும், அவர் பேர மட்டும் மூலையில எறும்பு சைஸ்ல போடற வேலை வேணாம்.