நடை தளர்ந்த பின்னும் ஆடு, கோழி வளர்ப்பு: கேள்வி பதில்

மொரீஷியஸ் தீவில் வீட்டுக் கொல்லையில் ஆடு, கோழி வளர்க்கும் சிலரின் கேள்விகளுக்கு, நெடுங்காலம் ஆடு வளர்த்தவரும் இப்போது கைத்தடியுடன் நடப்பவருமான முதியவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (திரியோலே): ஐயா, இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். ஆறு கோழிகளுக்குத் தீனியும் தண்ணீரும் கொண்டுபோவதே பெரும்பாடாக இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் தீனி தின்று, கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். ஆறு கோழிகளுக்கும் சேர்த்து இது பெரிய சுமையன்று. இரு கைகளும் வாக்கரைப் பிடித்திருப்பதால் எதையும் தூக்க முடியாததே தங்கள் இடர். ஆகவே தூக்கும் வேலையையே இல்லாமல் செய்துவிடுங்கள். கூடுவரை ஒரு ரப்பர் குழாயை இழுத்து, கொத்தினால் சொட்டும் முனைகள் பொருத்திய 20 லிட்டர் மூடி வாளியை அங்கே தொங்கவிட்டால், ஒரு வாரத்திற்கு மேல் தண்ணீர் வரும்; முனைகள் அடைத்துக்கொள்ளவில்லையா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டால் போதும். தீனிப் பீப்பாயைக் கூட்டின் அருகிலேயே கூரைக்குள், கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள். 25 கிலோ மூட்டையைப் பேரனோ கடைப் பையனோ அதில் கொட்டிக் கொடுத்தால், ஒரு மாதத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். அதைவிட அதிகம் வாங்கிச் சேர்க்காதீர்கள்; நம் ஈரக் காற்றில் தீனி பூசணம் பிடிக்கும், பூசணத் தீனி கோழியின் ஈரலைக் கெடுக்கும். முட்டைப் பெட்டி இடுப்பு உயரத்தில், வெளியிலிருந்தே திறக்கும்படி இருக்கட்டும்.

கேள்வி (குட்லண்ட்ஸ்): நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இரண்டு பால் ஆடுகளை விட மனமில்லை.

பதில்: விட வேண்டியதில்லை, ஆனால் கயிற்றை நாற்காலியிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். ஆடு மிரண்டு ஓடினால் நாற்காலி கவிழ்ந்துவிடும். நாற்காலியின் இருக்கை உயரத்தில் ஒரு பலகை மேடையும், அதன் முனையில் கழுத்தைப் பிடிக்கும் சட்டமும், சட்டத்திற்கு அப்பால் ஒரு பிடி தவிடும் இருந்தால், சில நாட்களில் ஆடு தானே ஏறி நிற்கும். கிடா வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பருவத்திற்கு வரும் ஆட்டைப் பக்கத்து வீட்டுக் கிடாவிடம் கூட்டிச்செல்ல ஆள் வைத்துக்கொள்ளலாம், சினைக்காலம் சுமார் 150 நாட்கள். குளம்பு வெட்டுவதையும் மற்றவரிடம் விட்டுவிடுங்கள். கொட்டகைத் தரையை இடைவெளிவிட்ட மரச்சட்டங்களால் உயர்த்திக் கட்டினால் புழுக்கை கீழே விழும்; நீண்ட பிடியுள்ள வாரியால் வெளியிலிருந்தே இழுத்தெடுக்கலாம். பாதை ஒரு மீட்டர் உயர்வதற்கு 12 மீட்டர் நீளம் என்ற சரிவில், பாசி பிடிக்காத சொரசொரப்பான சிமென்டாக இருக்க வேண்டும்.

கேள்வி (ரோஸ் ஹில்): தழை வெட்டப் போக முடியவில்லை. கொல்லையில் உள்ள அக்காசியாவை மட்டும் கொடுக்கலாமா?

பதில்: மட்டும் என்பது கூடாது. இங்கே நாம் அக்காசியா என்று சொல்லும் சவுண்டல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது; மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், சிறிது சிறிதாகப் பழக்குங்கள். கொட்டகையை ஒட்டி வேலியாக நட்டு நெஞ்சளவில் கவாத்து செய்தால், நின்ற இடத்திலிருந்தே தொட்டியில் போடலாம். காய் முற்றுமுன் வெட்டுவது நல்லது, இல்லாவிடில் கொல்லை முழுவதும் முளைத்துவிடும். கரும்பு வெட்டும் மாதங்களில் தோகையை வாசலில் போட்டுச் செல்லுமாறு வயல்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி (கியூர்பிப்): புயல் எச்சரிக்கை வந்தால் எப்போது வேலையைத் தொடங்குவது?

பதில்: முதல் வகுப்பு எச்சரிக்கையிலேயே தொடங்குங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசுவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு அது அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் வகுப்பில் பகல் வெளிச்சம் 12 மணி நேரமும், மூன்றாம் வகுப்பில் 6 மணி நேரமுமே மிஞ்சும். கால் வலுவுள்ளவர் இரண்டாம் வகுப்புவரை பொறுக்கலாம், நாம் பொறுக்கக் கூடாது. ஆடுகளைக் கல் கட்டடத்திற்கு மாற்றவும் தீனி, தண்ணீரை உள்ளே சேர்க்கவும் யார் வருவார் என்பதை நவம்பரிலேயே பேசி முடிவு செய்து, அவருடைய தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.