சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஆட்டிசம் உள்ளவன். அஞ்சல் வழியில் பி.காம். முடித்திருக்கிறான். இரவில் அப்பாவின் ஹார்டுவேர் கடைப் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி நோட்டில் ஏற்றுவான். மற்றபடி அவனுக்கு எதுவும் புரியாது. தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று மாடி அறையில் இருக்கச் சொன்னோம். மூன்று மணி நேரம் சத்தமே இல்லாமல் இருந்தான், பாவம். பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறோம். எங்கள் காலத்துக்குப் பிறகு தங்கைதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் நன்றாக வாழ என்ன வழி?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அந்த மூன்று மணி நேரத்தை 'பாவம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். என்னால் முடியவில்லை அம்மா. எதுவும் புரியாதவனா அப்படி உட்கார்ந்திருப்பான்? அன்று உங்கள் வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான். கீழே நீங்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

தங்கை பார்த்துக்கொள்வாள் என்கிறீர்கள். எந்த வீட்டில் வைத்து? அண்ணன் பெங்களூரில் இருப்பதாக நம்பும் வீட்டிலா? உங்கள் பொய்யைக் கட்டிக் காக்கும் பாரத்தையும் சேர்த்தல்லவா அந்தப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிறீர்கள்! அவளை ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. உடன்பிறந்தவனைத் தாங்குவது கடமை என்று நானும் நம்புகிறவள்தான். ஆனால் மறைத்துவைத்து ஒருத்தி தலையில் கட்டுவதற்குப் பெயர் கடமை அல்ல.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சம்பந்தி வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். போகிற சம்பந்தம் போகட்டும்.

அடுத்து, கடைக் கணக்கை இரவில்தான் எழுதவேண்டும் என்று யார் வைத்தது? வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்றா? பகலில் கடைக்கு வரட்டும். சத்தம் குறைந்த மூலையில் மேசை போட்டு, மாதச் சம்பளத்தை அவன் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். வெளி வேலைக்கும் வழி உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சான்று இருந்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவனை அழைத்துக்கொண்டு போங்கள்.

உங்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. 18 வயது கடந்தவருக்குத் தேவைப்பட்டால், கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டப்படி காப்பாளரை நியமிக்கும். பட்டம் வாங்கியவனுக்கு எந்தெந்த விஷயத்தில் காப்பாளர் தேவை, தங்கைக்கு அதில் சம்மதமா என்று இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி இடுவது உடன்பிறந்தவன். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால் அவனிடம் இப்போதே கேளுங்கள். மேளச்சத்தமும் கூட்டமும் தாங்காது என்றால் காதை மூடிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பொரியிடும் நேரத்துக்கு மட்டும் மேடைக்கு வரட்டும். வேண்டாம் என்று அவனே சொன்னால் விட்டுவிடுங்கள். அவனுக்குப் பதிலாக நீங்கள் அதைச் சொல்லாதீர்கள்.