சுகருக்கு மருந்து எழுத நர்ஸுக்கு டாக்டர் கையெழுத்து எதுக்கு?

கேள்வி: எங்க அக்கா அவங்க பொண்ணு கூட டெக்சாஸ்ல இருக்காங்க, சுகர், பிபி ரெண்டும் உண்டு. அங்க அவங்களப் பாக்குறது நர்ஸ் ப்ராக்டிஷனர்தான், டாக்டரப் பாத்ததே இல்லையாம். ஆனா அந்த நர்ஸ் மருந்து எழுதணும்னா ஒரு டாக்டரோட அக்ரிமென்ட் இருக்கணுமாம், பக்கத்துல நியூ மெக்சிகோல அது தேவையில்லையாம். ஏன் இப்படி? இதனால செலவு கூடுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அமெரிக்காவுல இந்த சட்டமெல்லாம் ஸ்டேட் கையில இருக்கும்மா. நர்ஸ் ப்ராக்டிஷனர்னா நர்சிங் முடிச்சு மேல மாஸ்டர்ஸாவது படிச்சவங்க, 1965ல கொலராடோ யூனிவர்சிட்டில லொரெட்டா ஃபோர்டுங்கற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கற குழந்தைங்க டாக்டரும் ஆரம்பிச்ச படிப்பு இது. இப்ப பாதிக்கு மேல ஸ்டேட்ல அவங்க தனியா பாக்கலாம், டெக்சாஸ் மாதிரி சில ஸ்டேட்லதான் டாக்டர் சங்கங்க இன்னும் விடாம புடிச்சிட்டிருக்காங்க.

அக்ரிமென்ட் போட்ட டாக்டர் உங்க அக்காவப் பாக்கவே வேணாம், மாசம் ஒரு தடவ அந்த நர்ஸோட பேசி சில கேஸ் ஃபைலப் புரட்டினா போதும், ஒரு டாக்டர் ஏழு பேர் வரைக்கும் இப்படி வச்சுக்கலாம். நிறைய பேர் இதுக்கு மாசாமாசம் ஃபீஸ் வாங்குறாங்க (சும்மா வர்ற காசு, யார் விடுவா), அதக் கடைசில கிளினிக் யார் தலையில கட்டும்னு நினைக்கிறீங்க? அதவிட மோசம், சின்ன ஊர்ல அந்த டாக்டர் ரிட்டயர் ஆயிட்டா வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நர்ஸ் மருந்து எழுத முடியாது, சுகர்காரங்க மாத்திரை இல்லாம நாலு மாசம் ஓட்டிட்டு நேரா ஆஸ்பத்திரில போய் படுப்பாங்க, உண்மையான செலவு அங்கதான். 2022ல சுகரால அமெரிக்காவுக்கு ஆன மொத்த செலவு 41,290 கோடி டாலர்னு அங்க டயபடீஸ் அசோசியேஷனே கணக்கு போட்டிருக்கு.

நர்ஸ் பாத்தா பில் பாதியாகும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் நடத்துற இன்சூரன்ஸ்) அவங்களுக்கு டாக்டர் ரேட்ல 85% தான் குடுக்குது, ஆனா அதையே டாக்டர் பேர்ல பில் போட்டு முழுசா வாங்கவும் வழி இருக்கு. வைத்தியத்தப் பத்தி பயப்பட வேணாம். 2000ல வந்த நியூயார்க் ஆய்வுல சுகர், பிபி, ஆஸ்துமாக்காரங்கள நர்ஸ்கிட்ட பாதி, டாக்டர்கிட்ட பாதின்னு பிரிச்சு அனுப்பி ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா பெருசா வித்தியாசமே இல்ல. எமர்ஜென்சி வார்டு கத வேற, முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிங்கள வச்சு செஞ்ச ஒரு ஆய்வுல நர்ஸ் பாத்த கேஸுக்குத்தான் செலவு கூட. ஆனா அக்காவோடது மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாக்குற சுகர்தான, அதுக்கு அந்தக் கையெழுத்து தண்டம்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: நர்ஸ் எழுதிக் குடுத்த இன்சுலினுக்கும் மெடிகேர்ல 35 டாலர் லிமிட் உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: உண்டு. யார் எழுதினாங்கன்னு பாக்க மாட்டாங்க, உங்க பிளான் லிஸ்ட்ல அந்த இன்சுலின் இருக்கணும், அவ்ளோதான். 2023 ஜனவரிலேர்ந்து ஒரு மாச சப்ளைக்கு 35 டாலருக்கு மேல கேக்கக் கூடாது, கேட்டா பார்மசிலயே பிளானுக்கு போன் போடச் சொல்லுங்க.