கப்பல் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் முடிந்ததும், அப்பச்சி, ஆத்தாவுடன் (அம்மாவுடன்) நாங்களும் சேர்ந்து நான்கு பேராக சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். இந்த வாரமே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்கிறார் ஏஜெண்ட். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. கட்டலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். பணத்தை மட்டும் இரண்டு நாள் கழித்துக் கட்டுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கப்பல் நல்ல ஏற்பாடுதான். பெட்டியை ஒரு முறை பிரித்து வைத்தால் போதும். ஊருக்கு ஊர் ஹோட்டல் மாறி, பஸ்ஸில் ஏறி இறங்கும் அலைச்சல் கிடையாது. லிஃப்ட் உண்டு, சாப்பாட்டு நேரத்தில் அதற்குக் கூட்டமும் உண்டு. சைவமா, காரம் குறைவா என்பதை டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிரமம் கரையில் இறங்கும் இடத்தில்தான் வரும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையை ஒட்டி நிற்பதால் இறங்குவது சுலபம். நம் நகரத்தார் கிட்டங்கி வைத்து வியாபாரம் செய்த பினாங்கு வீதி பக்கத்திலேயே இருக்கிறது. டாக்சி பிடித்தால் தண்ணீர்மலை நகரத்தார் கோவில். மலைமேல் இருக்கும் கோவிலுக்குத்தான் நிறையப் படி. ஆத்தா அடிவாரத்திலேயே முருகனைக் கும்பிட்டுக்கொள்ளலாம். இதற்காகக் கப்பல்காரர்களின் சுற்றுலா டிக்கெட்டை வாங்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்தில் கண் இருக்கட்டும். அவர்கள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்காக நிற்காது. புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கு வராமல் பத்தோங் அருகே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. ஆடும் படகில் கால் வைத்து ஏறி இறங்குவது ஆத்தாவுக்குக் கஷ்டம். பயண அட்டவணையில் ‘டெண்டர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் சிறு படகுதான் என்று அர்த்தம், அன்று ஆத்தா கப்பலிலேயே இருக்கட்டும், நிம்மதியான நாளாகவும் இருக்கும்.

இனி பணக் கணக்கு. விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு, இரண்டு பேர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஊழியர் டிப்ஸ் என்று தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டாலரில் உங்கள் கணக்கில் தானாக ஏறும் கப்பல்கள் நிறைய. பஃபேயில் சாப்பாடு, தண்ணீர், டீக்குக் காசில்லை. குளிர்பானம், வைஃபை, தனி ரெஸ்டாரண்ட், அவர்கள் எடுக்கும் போட்டோ எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கப்பல் டாக்டரைப் பார்த்தாலும் டாலர் பில்தான். அதனால் பெரியவர்களுக்குப் பழைய வியாதிகளையும் சேர்த்துப் பார்க்கும் பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்ப வேண்டாம். டிசிஎஸ் என்று, வருமான வரிக்காக முன்கூட்டியே ஏஜெண்ட் பிடிக்கும் தொகை மட்டும் வீண்போகாது. அது பணம் கட்டியவரின் பான் எண்ணில் ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விமானத்தில் போகும்போது ஒன்று, கப்பல் திரும்பி வரும்போது ஒன்று. விசா பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். திருச்சியிலிருந்து முந்தின நாளே போய்விடுங்கள்.

இதையெல்லாம் ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் மட்டும் பதில் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கப்பலில் போக ஆசை. தலை சுற்றுமோ, தூக்கம் வராமல் போகுமோ என்று பயம். எந்த அறை எடுக்கலாம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கப்பலின் நீளத்தில் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்னும் பின்னும் அதிகம், மேலே போகப் போக இன்னும் அதிகம். பிறகு தள வரைபடத்தை வாங்கி, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்லது. வளவும் பட்டாலையுமாக விசாலமான செட்டிநாட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு 150 சதுர அடி அறை முதல் நாள் மூச்சு முட்டும். பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு என்பேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்கள் வேண்டாம். அந்தக் காலத்து ரஜூலா கப்பலில், அறை இல்லாத மேல்தள டெக் டிக்கெட் எடுத்து, பாய் விரித்துப் போனார்கள் நம் ஐயாமார்கள். அதே கடல்தான், பயப்படாதீர்கள். தலைசுற்றலுக்கான மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். காபிக்காக மின் கெட்டிலைக் கொண்டு போகாதீர்கள், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

கேள்வி: போன கப்பலில் ஒரு துறைமுகத்துக்குப் போகாமலே திரும்பிவிட்டார்கள். வானிலை என்றார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வானிலைக்காகப் பாதையை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்கின்றன. வழக்கமாக அந்தத் துறைமுகத்தின் கட்டணம் மட்டும் திரும்ப வரும். ஆனால் அந்த ஊரில் சுற்றிக் காட்டுவதாக ஏஜெண்ட் தனியாக வாங்கிய பணம் வேறு. நடக்காத சேவைக்கு வாங்கிய அந்தப் பணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜெண்ட் சென்னையில் இருந்தாலும் பரவாயில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, விளம்பரம், வாட்ஸ்ஆப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.